கோடு நகருதா, நின்னுடுச்சா? அடிபட்ட பவளத்தை டேங்க்ல தேத்துற வழி

காலைல லைட் எரிஞ்சதும் டேங்க் முன்னாடி போய் நிக்கிறீங்க, நேத்து ராத்திரி வரைக்கும் பூ மாதிரி விரிஞ்சிருந்த ஹேமர் கோரல் மண்ணுல குப்புற கிடக்குது, ஒரு பக்கம் சதை கிழிஞ்சு வெள்ளையா எலும்பு தெரியுது. உடனே கையை மடிச்சு விட்டுட்டு தண்ணிக்குள்ள இறங்கத் தோணும். கொஞ்சம் பொறுங்க. என்னோட முதல் ஹேமர் செத்தது நத்தை தள்ளிவிட்டதால இல்ல, அதுக்கப்புறம் நான் பதறிப்போய் ஒரே வாரத்துல மூணு தடவை டிப் போட்டு, அதாவது மருந்துத் தண்ணில முக்கி எடுத்து, ரெண்டு தடவை இடம் மாத்தி, பாதித் தண்ணிய வேற மாத்தித் தொலைச்சேன், அதுலதான் போச்சு. சும்மா நிமித்தி வச்சிருந்தாலே பொழைச்சிருக்கும்னு இப்ப தெரியுது.

புதுசா ரீஃப் டேங்க், அதாவது பவளம் வளக்குற உப்புத்தண்ணி டேங்க் வச்சவங்களுக்காக இத எழுதுறேன், அதனால அடிப்படைல இருந்தே வரேன். கோரல்னு நாம சொல்ற பவளம் செடி கிடையாது, கல்லும் கிடையாது, அது ஒரு மிருகம். தனக்குத் தானே சுண்ணாம்புல ஒரு எலும்புக்கூடு கட்டிக்கிட்டு அதுக்கு மேல மெல்லிசா தோல் மாதிரி சதையைப் போத்திக்கிட்டு உக்காந்திருக்கும். அந்த சதைக்குள்ள கண்ணுக்குத் தெரியாத பாசி குடியிருக்கு, வெளிச்சத்தை வச்சு அது சமைக்கிற சாப்பாட்டுல பெரும்பங்கு கோரலுக்குத்தான் போகுது. ஆக கெட்டுப் போறதுக்கு ரெண்டு விதம் இருக்கு. ஒண்ணு சதையே போயிடுறது, இன்னொண்ணு சதை இருந்தும் உள்ள இருக்கிற பாசி ஓடிப்போறது. பாக்க ரெண்டுமே வெள்ளை, ஆனா வைத்தியம் வேற வேற, இதைக் குழப்பிக்கிட்டுத்தான் பாதிப் பேர் கோரலை இழக்கிறாங்க.

பிரிச்சுப் பாக்குறது கஷ்டமில்ல. டார்ச் லைட்டைப் பக்கவாட்டுல அடிச்சு உத்துப் பாருங்க. கண்ணாடி பேப்பர் சுத்தின மாதிரி ஒரு பளபளப்பு, நடுநடுவுல வாய், ராத்திரில சின்னச் சின்ன கையெல்லாம் வெளிய வருதுன்னா அது வெளுப்பு, அதாவது ப்ளீச்சிங், உயிர் இருக்கு. எலும்போட வரிகள் எல்லாம் கூர்மையா மொட்டையா தெரியுது, ஒரு சில நாள்ல அது மேல பச்சையோ பழுப்போ பாசி படியுதுன்னா அந்த இடத்துல சதை இல்ல. சதை இருக்கிற இடத்துக்கும் இல்லாத இடத்துக்கும் நடுவுல ஒரு எல்லை இருக்கும் பாருங்க, அதைத்தான் நான் கோடுன்னு சொல்றேன். இனிமே நீங்க செய்யப்போற எல்லா வேலைக்கும் கேள்வி ஒண்ணுதான், அந்தக் கோடு நகருதா நின்னுடுச்சா.

முதல் வேலை, போட்டோ

கை வைக்கிறதுக்கு முன்னாடி போட்டோ எடுங்க. நீல லைட்டை அணைச்சுட்டு வெள்ளை வெளிச்சத்துல, ஒரே கோணத்துல. நீல வெளிச்சத்துல எடுத்த போட்டோவை வச்சு ஒரு மண்ணும் சொல்ல முடியாது, எல்லாமே ஒளிர்ற மாதிரி இருக்கும். நான் இன்னொரு வேலையும் பண்ணுவேன், கோரலை வெளிய எடுக்க வேண்டி வந்துச்சுன்னா கோட்டை ஒட்டி, சதை இல்லாத எலும்பு மேல மட்டும், சூப்பர் க்ளூ ஜெல்ல ஒரு சின்னப் பொட்டு வச்சுடுவேன். அப்புறம் ரெண்டு நாள் கழிச்சுப் பாத்தா பொட்டுக்கும் சதைக்கும் இடைவெளி கூடியிருக்கா இல்லையான்னு கண்ணுக்கே தெரிஞ்சிடும், மனசு சொல்றதை நம்ப வேண்டியதில்ல.

அந்தக் கோடு எங்க இருந்து கிளம்புதுன்னு பாருங்க, பாதிக் காரணம் அதுலயே இருக்கு. கீழ இருந்து மேல மெதுவா உரியுதுன்னா பெரும்பாலும் தண்ணியோட அளவுகள் ஏறி இறங்குது, முக்கியமா ஆல்கலினிட்டி (தண்ணி அமிலமா மாறாம தாங்குற சக்தி), இல்லன்னா அடிப்பகுதிக்கு வெளிச்சமும் நீரோட்டமும் போகல. அக்ரோபோரா மாதிரி கிளைக் கோரல்ல நுனி மட்டும் கருகின மாதிரி வெள்ளையாச்சுன்னா ஆல்கலினிட்டி கூடிப்போய் நைட்ரேட் பாஸ்பேட் ரொம்பக் கம்மியா இருக்கலாம். லைட்டைப் பாத்த மேல்பக்கம் மட்டும் வெளுத்துச்சுன்னா லைட் கூடிப்போச்சு. ஒரே ஒரு பக்கம் மட்டும் போச்சுன்னா பக்கத்து வீட்டுக்காரனைச் சந்தேகப்படுங்க, காலக்ஸியா, டார்ச் கோரல் மாதிரி ஆளுங்க ராத்திரில நீளமா கொடுக்கு நீட்டிக் குத்திட்டு விடியறதுக்குள்ள சுருட்டிக்கிட்டு ஒண்ணும் தெரியாத மாதிரி நிக்கும். லைட் அணைஞ்சு ரெண்டு மணி நேரம் கழிச்சு சிவப்பு வெளிச்சத்துல பாத்தா கையும் களவுமா பிடிக்கலாம். வட்ட வட்டமா கடிச்ச மாதிரி தடம் இருந்தா, கோட்டை ஒட்டி பழுப்பு முட்டைங்க ஒட்டியிருந்தா அது தட்டைப்புழு மாதிரி ஏதோ பூச்சி வேலை. ஏஞ்சல் மீன், பட்டாம்பூச்சி மீன் வளக்கிறவங்க முதல்ல அதுங்களைக் கொஞ்ச நேரம் உக்காந்து பாருங்க.

இது எதுவுமே இல்லாம வீணா பயப்படுற கேஸும் நிறைய உண்டு. லெதர் கோரல் சில நாள், சில சமயம் ஒரு வாரத்துக்கு மேலயும், சுருங்கி மேல மெழுகு பூசின மாதிரி ஒரு படலம் விட்டு அப்புறம் அதைச் சட்டை மாதிரி உரிச்சுப் போடும், அது நோய் இல்ல, பழக்கம். கோரல் பழுப்பு நூல் மாதிரி வாயில இருந்து துப்புறதும் பெரும்பாலும் நோய் இல்ல. சின்னப் பூக்கள் மாதிரி கூட்டமா வளர்ற ஜோவாந்திட் ரெண்டு நாள் மூடிக் கிடக்கும், மூடட்டும்.

ரெண்டாவது, தண்ணி

டெஸ்ட் கிட் எடுங்க. சூடு 24ல இருந்து 26 டிகிரி, உப்பு 35 பிபிடி (ஆயிரத்துக்கு 35 பங்கு), அடர்த்தி கணக்குல 1.026 கிட்ட. அமோனியா கொஞ்சம் கூட இருக்கக் கூடாது. ஆல்கலினிட்டி 7ல இருந்து 9 டிகேஹெச் (அதை அளக்குற அலகு), கால்சியம் 400ல இருந்து 450, மெக்னீசியம் 1250ல இருந்து 1350, நைட்ரேட் 2ல இருந்து 10 பிபிஎம், பாஸ்பேட் 0.03ல இருந்து 0.1 வரைக்கும். உப்பு அளக்குற ரிஃப்ராக்டோமீட்டரை வெறும் தண்ணி ஊத்தி சைபர் பண்ணாம, 35 பிபிடி திரவம்னே தனியா விக்குது, அதை வச்சு சரி பண்ணுங்க. என்னோடது ஒரு வருஷமா தப்பா காட்டிட்டு இருந்துச்சு, நான் 35ன்னு நினைச்சு 39ல ஓட்டிக்கிட்டு இருந்தேன், கோரல் எல்லாம் ஏன் சோம்பிக் கிடக்குன்னு லைட்டைத் திட்டிட்டு இருந்தேன்.

அளவு தப்பா இருந்தா என்ன பண்ணுவீங்க, ஒரே நாள்ல சரி பண்ணுவீங்க, அங்கதான் இன்னொரு அடி விழும். ஆல்கலினிட்டியை ஒரு நாளைக்கு அரை டிகேஹெச் வீதம் நகத்துங்க, ஒண்ணைத் தாண்டவே வேணாம். உப்பும் அப்படித்தான், நாலஞ்சு நாள் எடுத்துக்கோங்க. ஆல்கலினிட்டி 6.8ல நிலையா நிக்கிற தண்ணி, காலைல 7 சாயங்காலம் 9ன்னு ஆடுற தண்ணிய விட நூறு மடங்கு மேல். அமோனியா ஏறிடுச்சு, ஏதோ விஷம் விழுந்துடுச்சு, காப்பர் மருந்து தவறிக் கலந்துடுச்சுன்னா மட்டும் பெரிய அளவுல தண்ணி மாத்துங்க, மத்த நேரத்துல 10 சதவீதம் போதும், அதுவும் ஆர்ஓ டிஐ தண்ணில, அதாவது ஃபில்டர்ல முழுசா சுத்தம் பண்ணின தண்ணில உப்பு கலந்து, சூடும் உப்பும் டேங்க்கோட ஒத்துப்போன பிறகு. கூடவே நல்ல ஆக்டிவேட்டட் கார்பன் ஒரு பை போட்டு விடுங்க, கோரலுங்க ஒண்ணுக்கொண்ணு சண்டை போட்டு தண்ணில விடுற விஷத்தை அது உறிஞ்சிக்கும். நைட்ரேட்டும் பாஸ்பேட்டும் சைபர்ல இருந்தா சந்தோஷப்படாதீங்க, பட்டினி கிடக்குற கோரலுக்குக் காயம் ஆறாது.

மூணாவது, இடம்

சதைப்பிடிப்பான கோரலை, அதாவது ஹேமர், டார்ச், ட்ராக்கிஃபில்லியா இதுங்களை விரிஞ்சிருக்கும்போது அப்படியே தண்ணிய விட்டுத் தூக்கவே கூடாது. தண்ணி குடிச்ச பலூன் மாதிரி கனம் இருக்கும், வெளிய வந்ததும் அந்த கனமே அடியில இருக்கிற கூர்மையான எலும்பு மேல அழுந்தி சதையைக் கிழிச்சிடும். தண்ணிக்குள்ளயே மெதுவா ரெண்டு தரம் ஆட்டுங்க, சுருங்கட்டும், அப்புறம் அடி எலும்பைப் பிடிச்சு எடுங்க.

எங்க வைக்கிறது? நிழலான மூலைல ஒளிச்சு வைக்கிறதுதான் எல்லாருக்கும் தோணும். வெளிச்சம் குறைவா இருக்கிற இடம் சரிதான், பார் மீட்டர் (கோரலுக்குப் பயன்படுற வெளிச்சத்தை அளக்குற கருவி) இருந்தா 50ல இருந்து 100க்குள்ள இருக்கட்டும், மீட்டர் இல்லன்னா டேங்க்கோட கீழ்ப்பாதில ஓரமா. ஆனா ஓட்டமே இல்லாத மூலை மட்டும் வேணாம், காயத்து மேல கசடும் கோரல் விடுற சளியும் தேங்கி அழுகல் அங்கதான் ஆரம்பிக்கும். கொடுக்குங்க மெல்ல அசையணும், படபடன்னு துணி மாதிரி அடிக்கக் கூடாது, அந்த அளவு ஓட்டம். பம்ப் நேரா மூஞ்சில அடிக்காம கண்ணாடில பட்டுத் திரும்பி வர்ற மாதிரி பாத்துக்கோங்க. வெளுத்துப்போன கோரலுக்கு இது இன்னும் முக்கியம், உள்ள பாசி இல்லாததால வெளிச்சத்தைத் தாங்குற சக்தியே கிடையாது அதுக்கு. ஒரு தடவை வச்சாச்சா, நத்தை தள்ளாத மாதிரி ஒட்டிட்டு விட்டுடுங்க, நாளைக்கு அழகா இல்லன்னு நகத்தாதீங்க.

டிப் எப்ப போடணும், எப்ப கூடாது

பூச்சி சந்தேகம், அழுகல், கிழிஞ்ச காயம், இதுக்கெல்லாம் டிப் உண்டு. வெறுமனே வெளுத்ததுக்கு டிப் போடாதீங்க, சாப்பாட்டுக்கே வழியில்லாதவனைச் சோப்பு போட்டுக் குளிப்பாட்டுற கதை. ரெண்டு டப்பால டேங்க் தண்ணியே எடுத்துக்கோங்க. ஒண்ணுல அயோடின் டிப் மருந்து, அளவு பாட்டில்ல போட்டபடி, நம்ம கைக்கணக்கு வேணாம், ஒவ்வொரு கம்பெனி மருந்தும் ஒவ்வொரு கெட்டி. அஞ்சு நிமிஷத்துல இருந்து பத்து நிமிஷம். நடுநடுவுல ரப்பர் பல்பு வச்ச குழாயால, டர்க்கி பேஸ்டர்னு சொல்வோமே, அதால மெதுவா தண்ணி அடிங்க, ஒளிஞ்சிருக்கிற பூச்சி உதிரும். ரெண்டாவது டப்பால அலசி எடுத்து டேங்க்ல வைங்க, டிப் தண்ணிய டேங்க்ல ஊத்திடாதீங்க. முட்டைங்களை எந்த டிப்பும் கொல்றதில்லன்னே வச்சுக்கோங்க, கத்தி முனையால சுரண்டி எடுக்கணும். பூச்சிதான்னு உறுதியானா மட்டும் வாரம் ஒரு தடவை திரும்பப் போடணும், மத்தபடி ஒரு காயத்துக்கு ஒரு டிப், அவ்வளவுதான்.

வெட்ட வேண்டி வந்தா

பொறுமையா இருங்கன்னு இவ்வளவு நேரம் சொன்னேன்ல, ரெண்டு விஷயத்துல பொறுமை கூடாது. ஒண்ணு, கிளைக் கோரல்ல சதை மணிக்கணக்குல தோல் உரியற மாதிரி பறந்து போறது, காலைல அடியில இருந்த கோடு மத்தியானம் பாதி உயரத்துல இருக்கும். ஆர்டிஎன்னு, அதாவது ரேப்பிட் டிஷ்யூ நெக்ரோசிஸ்னு சொல்வாங்க. ரெண்டாவது ப்ரவுன் ஜெல்லி, ஹேமர் டார்ச் குடும்பத்துல வரும், சதை மேல பழுப்பா கொழகொழன்னு ஜவ்வு, நாத்தம் குடலைப் புடுங்கும்.

ப்ரவுன் ஜெல்லின்னா முதல்ல எல்லா பம்ப்பையும் அணைங்க. அணைக்காம தொட்டீங்கன்னா அந்த ஜவ்வு தூள் தூளா பறந்து போய் அடுத்த கோரல் மேல உக்காரும். மெல்லிசு ஏர் ட்யூப்பால அந்த ஜவ்வை வெளிய ஒரு வாளிக்குள்ள உறிஞ்சி எடுங்க, அப்புறம் கோரலை ஒரு கிண்ணத்தோட தண்ணிக்கு அடியிலயே அள்ளித் தூக்கணும். கெட்டுப்போன தலையை, அதாவது அந்தக் கிளை நுனியில வாயோட இருக்கிற தனி உருவை, எலும்போட சேத்து உடைச்சு எறிஞ்சிடுங்க, அது மேல இரக்கம் காட்டினா மீதித் தலைங்க போகும். நல்ல தலைகளை அயோடின் டிப் போட்டு, முடிஞ்சா தனி டப்பால, சூடும் ஓட்டமும் வச்சு ரெண்டு மூணு நாள் பாத்துட்டு திரும்ப விடுங்க.

ஆர்டிஎன்னா கோட்டுல இருந்து 1, 2 சென்டிமீட்டர் நல்ல சதைக்குள்ள தள்ளி போன் கட்டரால வெட்டணும். கோட்டுலயே வெட்டினா வெட்டினதே வீண். வெட்டின துண்டுகளை டேங்க்ல ஒரே இடத்துல வைக்காம ரெண்டு மூணு இடமா பிரிச்சு ஒட்டுங்க, ஒண்ணு போனாலும் ஒண்ணு நிக்கும். எஸ்டிஎன்னு (ஸ்லோ டிஷ்யூ நெக்ரோசிஸ்) சொல்ற மெதுவான உரியலுக்கு வெட்டாம, கோட்டு மேலயே சதையைக் கொஞ்சம் தொட்ட மாதிரி சூப்பர் க்ளூ ஜெல் ஒரு வரப்பு போட்டு நிறுத்திப் பாக்கலாம், சில நேரம் நிக்கும், சில நேரம் க்ளூவுக்கு அடியிலயே புகுந்து போகும்.

வெட்டப் பயப்படுறவங்களுக்கு ஒண்ணு சொல்றேன். அமெரிக்கால ஃப்ளோரிடால மோட் கடல் ஆய்வகத்துல டேவிட் வாகன்னு ஒரு விஞ்ஞானி எல்க்ஹார்ன் கோரலைத் தவறி உடைச்சுட்டாரு, தொட்டில ஒட்டிக்கிட்டு நின்ன துணுக்குங்க எல்லாம் செத்துடும்னு நினைச்சா அதுங்க முன்னைவிட வேகமா பரவி வளர ஆரம்பிச்சிடுச்சு. அதுல இருந்துதான் மைக்ரோ ஃப்ராக்மென்டேஷன்னு கோரலைச் சின்னச் சின்னத் துண்டா வெட்டி வளக்குற முறையையே அவரு எடுத்து வளத்தாரு. வெட்டுப்பட்ட விளிம்பு மூடணும்னு கோரல் அவசரப்படுது, அந்த அவசரம்தான் நமக்குக் கூட்டாளி.

ஜோவாந்திட், அதோட சொந்தமான பாலிதோவா வெட்டுறவங்க இதை மட்டும் கவனமா படிங்க. அதுல சிலதுல பாலிடாக்ஸின்னு ஆளையே கொல்லக் கூடிய விஷம் இருக்கு. கையுறை, கண்ணாடி ரெண்டும் போடாம வெட்டாதீங்க, கைல வெட்டுக்காயம் இருந்தா தொடவே தொடாதீங்க. அது ஒட்டின கல்லைச் சுத்தம் பண்றேன்னு அடுப்புல வச்சுக் கொதிக்க விடுறது, சுடுதண்ணி ஊத்துறது, ப்ரஷ் போட்டுத் தெறிக்கத் தெறிக்கத் தேய்க்கிறது இதெல்லாம் கூடவே கூடாது, அந்த ஆவில வீட்டுல இருக்கிறவங்க மொத்தமா ஆஸ்பத்திரிக்குப் போன சம்பவம் நடந்திருக்கு.

பாசியை முந்தணும்

சதை போன எலும்பு மேல பாசி குடியேறுச்சுன்னா திரும்பி வர்ற சதைக்கு வழி மறிச்சிடும். அதனால வாரம் ஒரு தரம் கோரலை டேங்க் தண்ணி ஊத்தின டப்பால வச்சு, மிருதுவான டூத்பிரஷ்ஷால வெறும் எலும்பை மட்டும் தேய்ங்க, கோட்டுக்குக் கொஞ்சம் முன்னாடியே நிறுத்திக்கோங்க. பெரிய பரப்பா இருந்தா அதை எபாக்ஸி போட்டு மூடிடலாம். ஊதா நிறத்துல கோரலைன் பாசி, அதாவது சுண்ணாம்பு மாதிரி கெட்டியா படியிற பாசி படிஞ்சா அதைத் தேய்க்காதீங்க, நல்லது அது, பச்சை முடிப்பாசிக்கு இடம் விடாது.

சாப்பாடு

சதைக் கோரலுக்கு இதுதான் உண்மையான மருந்துன்னு நான் சொல்லுவேன், அதுவும் வெளுத்த கோரலுக்கு உள்ள சமையல்காரனே இல்லையே, வெளிய இருந்துதான் ஊட்டணும். வாரத்துக்கு ரெண்டு தடவை போதும். லைட் அணைஞ்ச பிறகு சின்னச் சின்ன கொடுக்கு வெளிய வரும், அப்ப பம்ப்பை 15, 20 நிமிஷம் நிறுத்திட்டு, உருகின மைசிஸ் இறாலை வாயை விடச் சின்னதா நறுக்கி பேஸ்டரால மெதுவா மேல விடுங்க. சதை சுருங்கி இருந்தா முதல்ல இறால் சாறு மட்டும் ரெண்டு சொட்டு விட்டு பத்து நிமிஷம் காத்திருங்க, மணம் பிடிச்சு எழுந்திருக்கும். அடுத்த பிரச்சனை திருடன், கிளீனர் இறாலும் சந்நியாசி நண்டும் வாய்க்குள்ள போனதையே பிடுங்கித் தின்னும், அந்த இழுப்புல காயம் இன்னும் கிழியும். பிளாஸ்டிக் பாட்டிலோட மேல்பாதியை வெட்டி மூடியைக் கழட்டிட்டு கோரல் மேல கவுத்து வச்சு, மேல் ஓட்டை வழியா ஊட்டுங்க, அரைமணி நேரம் கழிச்சு எடுத்துடலாம். துப்பின தீனியைக் கட்டாயம் உறிஞ்சி எடுத்துடணும், காயத்து மேல அழுகுற இறால் துண்டை விட மோசமான கட்டு கிடையாது. வாயே திறக்காத கோரலுக்குத் திணிக்காதீங்க. கிளைக் கோரலுக்கு இந்த ஊட்டல் எல்லாம் வேலைக்காகாது, அதுக்கு அமினோ ஆசிட் கொஞ்சம், மீன் போடுற கழிவு, அதுவே போதும்.

அப்புறம் காத்திருக்கிறது

ஒரு நேரத்துல ஒரே ஒரு மாற்றம், செஞ்ச தேதியை நோட்டுல எழுதுங்க, அஞ்சு நாளாவது விட்டுட்டு அடுத்தது. மூணு நாளைக்கு ஒரு போட்டோ. கோடு நின்னுடுச்சு, விளிம்பு மெல்லிசா கிழிஞ்ச மாதிரி இல்லாம உருண்டு கொஞ்சம் தடிச்சு வருதுன்னா ஆற ஆரம்பிச்சாச்சு. சதை உப்பி வர ஒரு வாரம் ரெண்டு வாரம் ஆகலாம், இழந்த இடத்தை மூட மாசக்கணக்கு ஆகும், பழைய எலும்பு முழுக்க மூடாமலே போகவும் போகலாம். வெளுத்தது முதல்ல அசிங்கமான பழுப்பா மாறும், பயப்படாதீங்க, பாசி திரும்பி வந்திருக்கு, கலர் அப்புறம் வரும். அப்பதான் லைட்டை வாரத்துக்கு 10 சதவீதம்னு கூட்டணும்.

கைவிடுறது எப்பன்னா, மூக்குதான் சொல்லும். அழுகின நாத்தம், சதை கைல கரையுது, எங்கயும் பளபளப்பே இல்லன்னா எடுத்துடுங்க, சின்ன டேங்க்ல அது ஒண்ணே அமோனியா ஏத்தி மத்ததையும் கொண்டு போயிடும். ஆனா நாத்தம் இல்லாத மொட்டை எலும்பைக் குப்பைல போடாதீங்க. அலசி, கொஞ்சம் வெளிச்சமும் ஓட்டமும் இருக்கிற ஓரத்துல சொருகி வைங்க. அந்த முதல் ஹேமருக்கு அப்புறம் வாங்கின டங்கன் கோரல் ஒண்ணு மொத்தமா போச்சுன்னு நானே முடிவு பண்ணி கல் சந்துல போட்டு வச்சிருந்தேன். நாலு மாசம் இருக்கும், கண்ணாடி துடைக்கும்போது பாத்தா பழைய குழாயோட பக்கவாட்டுல மிளகு சைஸுல ரெண்டு பச்சைத் தலை, அதுல ஒண்ணு வாயைத் திறந்துக்கிட்டு நிக்குது.